இரண்டு வைத்தார்கள், ஒன்றுதான் தெரிகிறது: கருப்பையிலும் குழாயிலும் ஒரே நேரத்தில் கரு தங்கும்போது

"ரெண்டு வச்சாக. ஒண்ணு நின்னுருக்கு. இன்னொண்ணு கரைஞ்சு போச்சாம்."

கோட்டையூர் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்துகொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பத்தா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேத்தி, அதாவது என் சின்னாத்தா மகள், சென்னையில் ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டு ஓய்வுக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை கூட்டிக்கொள்ளலாமா, அதாவது தத்து எடுக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் பங்காளிகளிடம் பேச்சு எடுத்திருந்த நேரம். ஆறாவது வார ஸ்கேனில் கருப்பைக்குள் ஒரு பை, பைக்குள் ஒரு துடிப்பு. பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டதைக்கூடச் செலுத்தியாகிவிட்டது.

எட்டாவது வாரம், ஒரு விடிகாலை, வலது தோளில் வலி என்றாள். அடிவயிற்றிலும் லேசாக இழுத்துப் பிடிக்கிறது என்றாள். ஒருக்களித்துப் படுத்ததில் சுளுக்கியிருக்கும் என்றார் ஒருவர். வாய்வு என்றார் இன்னொருவர். அத்தனை ஊசி போட்ட உடம்பு, சூடு பிடித்திருக்கும் என்று சின்னாத்தா. ஓமத்தண்ணீர் வந்தது. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். பாத்ரூமுக்கு எழுந்து போனவள் வளவுத் தூணைப் பிடித்தபடியே சரிந்தாள்.

அந்த இன்னொன்று கரையவில்லை. வலது கருக்குழாயில் தங்கி, வளர்ந்து, குழாயைக் கிழித்திருந்தது.

'டியூப்ல தங்கிருச்சு' என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கருப்பைக்கு வர வேண்டிய கரு வழியிலேயே குழாயில் ஒட்டிக்கொள்வது. நூறு கர்ப்பத்தில் ஒன்று, இரண்டு அப்படி ஆகிறது. அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குழாயில்தான். ஆனால் கருப்பைக்குள் ஒரு கரு ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும்போதே வெளியிலும் ஒன்று வளர்வது என்றால் படித்தவர்களே நம்ப மறுக்கிறார்கள். 'ஹெட்டெரோடோபிக் கர்ப்பம்' என்பது மருத்துவர்கள் வைத்த பெயர். தமிழில் நிலைத்த பெயர் இன்னும் இல்லை. ஈரிடக் கர்ப்பம் என்று நான் எழுதுகிறேன். புரிந்தால் போதும்.

முப்பதாயிரத்தில் ஒன்று என்ற பழைய கணக்கு

இது புதிய நோய் அல்ல. 1708-லேயே பிரான்சில் துவெர்னே என்ற உடற்கூறியலர், இறந்த ஒரு பெண்ணின் உடலைத் திறந்து பார்த்தபோது இரண்டு இடத்திலும் கரு இருந்ததைப் பதிந்திருக்கிறார். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக இது விந்தையாகவே இருந்தது. 1948-ல் டிவோ, பிராட் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து '30,000 கர்ப்பத்தில் ஒன்று' என்ற எண் புறப்பட்டது. இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வது அதைத்தான்.

அது எண்ணிப் பார்த்துக் கிடைத்த எண் அல்ல, பெருக்கிப் பார்த்துக் கிடைத்தது. அன்றைக்கு இடம் தவறிய கர்ப்பம் 0.37 சதவீதம். இரண்டு தனித்தனி முட்டையிலிருந்து வரும் இரட்டைக் கர்ப்பம் 0.8 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் முப்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று வரும். இன்று இடம் தவறிய கர்ப்பமே ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்றாகிவிட்டது. அதே பெருக்கலைப் போட்டால் 12,500-ல் ஒன்று முதல் 6,250-ல் ஒன்று வரை வருகிறது. அசல் மாறிய பிறகும் பழைய வட்டியையே பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் எந்தச் செட்டியார் கடையும் ஒரு வருஷம் தாங்காது. மருத்துவத்தில் மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் அந்த எண்ணை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

செயற்கைக் கருத்தரிப்பு இந்தக் கணக்கையும் தாண்டிவிட்டது. ஐவிஎஃப் போன்ற சிகிச்சையில் கருவுற்றவர்களிடம் இது ஆயிரத்தில் ஒன்று முதல் நூற்றில் ஒன்று வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 'நூற்றுக்கு ஒன்று' என்றால் அது விந்தை இல்லை. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது சுற்றிப் பார்த்தால், ஐவிஎஃப் செய்துகொண்ட நாலைந்து பேராவது கண்ணில் படும் காலம் இது.

கருப்பையில் வைத்த கரு குழாய்க்கு எப்படிப் போகும்?

சின்னாத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். "உள்ளதான வச்சாக? அது எப்படி மேல ஏறும்?"

கருப்பையில் வைத்த அந்த நிமிஷமே கரு ஒட்டிக்கொள்வதில்லை. ஓரிரு நாள், சில சமயம் அதற்கும் மேலாக, அது கருப்பைக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கும். கருப்பை சும்மா இருக்கும் பை அல்ல. மெல்லச் சுருங்கி விரியும் தசை. அந்த அலையில் கரு மேலே தள்ளப்பட்டுக் குழாயின் வாய்க்குள் போய்விடலாம். நல்ல குழாயாக இருந்தால் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அதைத் திரும்பக் கருப்பைக்கே கொண்டுவந்து சேர்க்கும். பழைய தொற்றில் அந்த இழைகள் கருகிப்போயிருந்தால் போன கரு போன இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் குழாய் கெடுவதற்கு ஒரு பெரிய காரணம் காசநோய். நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை அது. சத்தமில்லாமல் கருக்குழாயையும் அரித்துவிட்டுப் போகும். குழாய் கெட்டதால்தான் பலர் ஐவிஎஃப்புக்கே போகிறார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். ஆபத்து யாரிடம் அதிகமோ அவர்களிடமே இரண்டு கரு வைக்கப்படுகிறது.

ஐவிஎஃப் வரலாறே இப்படி ஒன்றில்தான் தொடங்குகிறது. ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் முதன்முதலில் பதிவுசெய்த கர்ப்பம், 1976-ல், குழாயில் போய்த் தங்கியது. லூயிஸ் பிரவுன் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1978 ஜூலை 25 அன்று.

ஐவிஎஃப் செய்யாதவர்களுக்கு இது வராது என்றும் எண்ண வேண்டாம். முட்டை வளர்வதற்கு லெட்ரசோல், குளோமிஃபீன் என்று மாத்திரை கொடுக்கிறார்களே, அதிலும் ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெடிக்கலாம். ஒன்று வீடு சேரும், மற்றது வழியில் நிற்கும். இந்த மாத்திரைகள் தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் தினமும் எழுதப்படுகின்றன. மாத்திரையே இல்லாமல், முன்பு எந்தக் கோளாறும் இல்லாமல், தானாக வந்த கர்ப்பத்திலும் இது பதிவாகியிருக்கிறது. முன்பு இரண்டு குழாயையும் எடுத்துவிட்டவர்களுக்குக்கூட, கருப்பைச் சுவருக்குள் மிஞ்சியிருக்கும் குழாயின் அடிக்கட்டையில் கரு தங்கியதுண்டு.

நல்ல செய்திதான் கண்ணை மறைக்கிறது

குழாய்க் கர்ப்பம் மட்டும் தனியாக இருந்தால் அதைப் பிடிக்க வழி இருக்கிறது. ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். நன்றாக வளரும் கர்ப்பத்தில் அது இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதிக்கு மேலாவது ஏறும். குழாய்க் கர்ப்பத்தில் பெரும்பாலும் ஏற்றம் மந்தமாக இருக்கும். அளவு மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியும் ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தால் மருத்துவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். உள்ளே இல்லை என்றால் வேறெங்கோ இருக்கிறது.

ஈரிடக் கர்ப்பத்தில் இந்த இரண்டு மணியும் அடிக்காது. கருப்பைக்குள் இருக்கும் கரு பீட்டாவைச் செவ்வையாக ஏற்றிக்கொண்டே போகும். ஐவிஎஃப் பெண்கள் வாட்ஸாப் குழுக்களில் 'பீட்டா டபுள் ஆயிருச்சு' என்று பகிர்ந்து மகிழ்கிறார்களே, அந்த மகிழ்ச்சியில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண் எத்தனை கரு, எங்கே கரு என்று சொல்வதில்லை. ஸ்கேனில் கருப்பையும் காலியாக இல்லை. குழாய்க் கர்ப்பத்தில் வழக்கமாகக் காணும் உதிரப்போக்கும் பலருக்கு இருக்காது. கருப்பையின் உட்சுவரை உள்ளிருக்கும் கரு கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது, உதிர்ந்து வருவதற்கு ஒன்றுமில்லை.

ஆக, எதைப் பார்த்து நிம்மதி அடைகிறோமோ அதுதான் தேடலை நிறுத்திவிடுகிறது. முகப்பில் விளக்கு எரிகிறது என்று இரண்டாங்கட்டுக்குப் போய்ப் பார்க்காமலே திரும்பி வருகிற மாதிரி.

காரைக்குடியில் எந்த ஸ்கேன் சென்டர் வாசலிலும் காலை பத்து மணிக்கு ஒரு காட்சி உண்டு. நாற்காலி வரிசையில் பெண்கள், ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர் பாட்டில். "இன்னும் கொஞ்சம் குடிங்கம்மா, பை நிறையல" என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொல்லிக்கொண்டே இருப்பார். சிறுநீர்ப்பை நிறைந்தால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும். கரு இருக்கிறதா, துடிக்கிறதா என்று சொல்ல அது போதும். குழாயில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒளிந்திருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்க அது போதாது.

அதற்கு உள்வழி ஸ்கேன் வேண்டும். டிவிஎஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். (மதுரைக்காரர்களுக்கு வண்டிக் கம்பெனிதான் நினைவுக்கு வரும். வேறு.) இதற்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். உறை மாட்டிய மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்துப் பார்ப்பார்கள். கருவுக்கு இதனால் கேடு இல்லை. 'பிள்ளைக்கு ஆகாது, உள்ளே வைக்க வேண்டாம்' என்று மாமியார்கள் தடுப்பதும், அதைக் கேட்டு ஸ்கேன் எடுப்பவர் விட்டுவிடுவதும் இரண்டுமே நடக்கிறது. ஐவிஎஃப் செய்யும்போது முட்டை எடுத்ததே அந்த வழியாகத்தான் என்பதை யாராவது நினைவுபடுத்தினால் வீட்டார் அமைதியாகிவிடுவார்கள்.

உள்வழி ஸ்கேனிலும் இது எளிதில் சிக்குவதில்லை. பெரும்பாலான கர்ப்பங்களில் முட்டை வெடித்த இடத்தில், சூலகத்தில், கார்பஸ் லூட்டியம் என்ற சிறு கட்டி இருக்கும். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் அங்கிருந்துதான் சுரக்கிறது. ஸ்கேனில் அது வட்டமாக, சுற்றி ரத்தம் ஓடும் வளையமாகத் தெரியும். குழாய்க் கருவும் வளையமாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய அனுபவமுள்ள கை ஒரு சின்ன வேலை செய்யும். கருவியால் மெல்லத் தள்ளிப் பார்க்கும். சூலகத்தோடு சேர்ந்தே நகர்ந்தால் அது கார்பஸ் லூட்டியம். சூலகம் ஒரு பக்கமும் வளையம் ஒரு பக்கமும் நழுவினால் சந்தேகப்பட வேண்டும். குழாய் வளையத்தின் விளிம்பு பெரும்பாலும் அதிக வெளுப்பாகவும் இருக்கும்.

ஐவிஎஃப் செய்தவர்களிடம் இது இன்னும் குழம்பும். ஊசி மருந்தால் சூலகங்கள் வீங்கி, திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள் நிறைந்திருக்கும். வயிற்றில் கொஞ்சம் நீரும் கோத்திருக்கும். அந்த நீர் ஸ்கேனில் தெளிந்த கறுப்பாகத் தெரியும். ரத்தம் என்றால் கலங்கலாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நேரமும் பொறுமையும் வேண்டும், நாற்பது பேர் காத்திருக்கும் காலைப் பொழுதில் இரண்டும் அரிது. வெளிக் கருவில் துடிப்பு தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொன்று, நாள் கணக்கு. கண்டுபிடிக்கப்படும் ஈரிடக் கர்ப்பங்களில் பெரும்பங்கு ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். பத்தில் ஒன்று பதினோராவது வாரத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. ஆறாவது வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எட்டாவது வாரத்திலும் இருக்காது என்று சொல்ல முடியாது. என் தங்கச்சியின் ஆறாவது வார ரிப்போர்ட்டை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். கருப்பை பற்றி ஏழு வரி. 'இருபக்கமும் இயல்பு' என்று கடைசியில் ஒரே வரி. அந்த வரி பார்த்து எழுதியதா, கணினியில் முன்பே அச்சாகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கரு வைத்த பெண் என்று அந்தச் சீட்டில் எங்கும் இல்லை.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. கரு வைத்தது சென்னையில், நானூறு கிலோமீட்டர் தள்ளி. வலி வந்தது கோட்டையூரில். எத்தனை கரு வைத்தார்கள், எந்தத் தேதியில் என்ற ஒரு துண்டுச் சீட்டு கையில் இருந்தால், ஸ்கேன் எடுப்பவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வரும்: இரண்டில் ஒன்று இங்கே இருக்கிறது, மற்றது எங்கே? பெரும்பாலும் அது ஒட்டாமலே போயிருக்கும், அப்பத்தா சொன்னது போலக் கரைந்தும் போயிருக்கும். ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம்தான் செலவு. ஒரே கரு வைத்திருந்தாலும், அந்த மாதம் உடம்பு தானாக இன்னொரு முட்டையை வெடித்திருக்க வாய்ப்புண்டு என்பதால் இரண்டு பக்கமும் பார்ப்பதே முறை.

தோளில் ஏன் வலித்தது

குழாய் கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள் கசியும். படுத்திருக்கும்போது அது மேல்நோக்கி ஓடி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தொட்டு எரிச்சலூட்டும். அந்தத் தசைக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் தோலுக்கும் அதே கழுத்து நரம்புத் தொகுதிதான். மூளைக்கு எங்கிருந்து சேதி வந்தது என்று குழம்பிப் போய், தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. தைலம் தேய்த்தால் போகாது. படுத்தால் கூடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில், அடிபடாமல், தோள்பட்டை நுனியில் வலி என்றால் வாய்வு, சுளுக்கு என்று வீட்டில் முடிவு கட்டக் கூடாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மலம் வருவது போன்ற அழுத்தம், தலைசுற்றல், கண் இருட்டல் இவையும் அப்படித்தான். மசக்கையில் தலைசுற்றுவது வேறு, எழுந்து நின்றதும் சரிவது வேறு.

அன்று முதலில் கூட்டிப்போன இடத்தில் பிபி 110/70 என்று பார்த்து, பழைய ஸ்கேனைப் புரட்டி, "கரு நல்லாத்தான இருக்கு, கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். நாடித்துடிப்பு 118. அதை யாரும் பேசவில்லை. இளவயதுப் பெண்ணின் உடம்பு பிபியை விடாப்பிடியாகத் தாங்கிப் பிடிக்கும். மொத்த ரத்தத்தில் முப்பது சதவீதம் அளவுக்குப் போன பிறகுதான் அது விழும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஒரு லிட்டருக்கு மேல். அதற்கு முன்பே நாடி வேகமெடுத்துக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இருப்பே குறைவாக உள்ளவர் ஒரு லிட்டரை இழந்தால் என்ன மிஞ்சும்?

குடல்வால் அழற்சி, சூலகம் முறுக்கிக்கொள்வது, கார்பஸ் லூட்டியமே வெடித்துக் கசிவது, இவையும் இதே மாதிரி வலியோடு வரலாம். அவற்றையும் சேர்த்து யோசிப்பதுதான் மருத்துவரின் வேலை. கருப்பையில் கரு இருக்கிறது என்பது மட்டும் எதையும் விலக்கிவிடாது.

அடுத்த இடத்தில் ஸ்கேன் எடுத்தவர் அரை நிமிஷத்தில் கருவியை வைத்துவிட்டு, "ப்ளட் குரூப் என்ன?" என்று கேட்டார்.

எதை எடுப்பது, எதைக் காப்பது

தனியான குழாய்க் கர்ப்பம் சின்னதாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு, அறுவை இல்லாமலே கரைப்பதுண்டு. வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்துகிற மருந்து அது. குழாயில் இருப்பது எது, கருப்பையில் இருப்பது எது என்று அதற்குத் தெரியாது. உள்ளே நல்ல கரு இருந்து, அதைக் காக்க வேண்டும் என்றால் இந்த ஊசிக்கு இடமில்லை. உள்ளிருக்கும் கரு ஏற்கெனவே நின்றுபோயிருந்தால்தான் அதை யோசிக்கலாம். இணையத்தில் படித்துவிட்டு 'ஊசியிலயே சரியாகுமாமே' என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

குழாய் கிழிந்து ரத்தம் போகிறது என்றால் அறுவைதான், அதுவும் உடனே. லேப்ராஸ்கோப்பியா (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை), வயிற்றைத் திறப்பதா என்பதில் பிடிவாதம் வேண்டாம். அந்த நேரத்தில் அந்த மருத்துவர் எதை விரைவாகச் செய்வாரோ அது. பெண் திடமாக இருந்தால் லேப்ராஸ்கோப்பியே வழக்கம். ஆனால் வழக்கமான லேப்ராஸ்கோப்பி அல்ல. பொதுவாக இந்த அறுவைகளில் கருப்பையை அங்குமிங்கும் அசைக்க அதற்குள்ளேயே ஒரு கருவியைச் செருகுவார்கள். இங்கே அது கூடவே கூடாது, உள்ளே ஒரு உயிர் இருக்கிறது. வயிற்றை உப்பவைக்கும் வாயுவின் அழுத்தத்தைக் குறைவாக வைப்பார்கள். கருப்பையைத் தொடாமல், சுடும் கருவியைக் குறைவாகப் பயன்படுத்தி, குழாயை எடுத்துவிடுவார்கள்.

குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்து, குழாயைக் காப்பாற்றக் கூடாதா? கேட்கத் தோன்றும். தனிக் குழாய்க் கர்ப்பத்தில் அப்படியும் செய்வார்கள். ஆனால் அதில் துணுக்கு மிஞ்சி மறுபடி வளரலாம் என்பதால் பீட்டா இறங்குகிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும். இங்கே கருப்பைக்குள் இருப்பது பீட்டாவை ஏற்றிக்கொண்டே இருக்குமே, இறக்கத்தை எங்கே பார்ப்பது? காவலுக்கு ஆளில்லாத இடத்தில் மிச்சம் வைக்கக் கூடாது. அதனால்தான் குழாயோடு எடுப்பது.

கிழியாத நிலையில், பெண் நன்றாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை வெளிக் கருவின் பைக்குள் செலுத்தி, பொட்டாசியம் குளோரைடோ அடர்த்தியான குளுக்கோஸோ செலுத்தி அதன் வளர்ச்சியை நிறுத்துவது. கரு குழாயில் இல்லாமல் கருப்பை வாயிலோ, கருப்பைச் சுவரோடு குழாய் சேரும் மூலையிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ தங்கியிருந்தால் இந்த வழிக்கு மதிப்பு அதிகம். அங்கெல்லாம் கத்தி வைத்தால் ரத்தம் வெள்ளமாகும். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 45 சதவீதத்தை ஒட்டி சிசேரியன் என்பதால் தழும்புக் கர்ப்பத்தை இனிமேல் அடிக்கடி கேள்விப்படுவோம். இப்படிச் செய்தவர்களில் சிலருக்குப் பிறகும் அறுவை தேவைப்படுகிறது. இந்த வேலை எல்லா ஊரிலும் நடக்காது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். திடமாக இருப்பவர் போகலாம். ரத்தம் கசிந்துகொண்டிருப்பவரைக் காரில் தொண்ணூறு கிலோமீட்டர் கொண்டுபோவது வேறு கதை. அருகில் மயக்க மருத்துவரும் ரத்தமும் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும், 108-ல் ஏறும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவை அறையின் வாசலில் சின்னாத்தா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அதையும் எடுத்து உள்ள வச்சுர முடியாதா டாக்டர்?" முடியாது. குழாயில் வேர்விட்ட கருவைப் பெயர்த்துக் கருப்பையில் நடும் வித்தை இன்றுவரை யாரிடமும் இல்லை. குழாயில் அது பிழைக்கவும் வழியில்லை. அதை விட்டுவைத்தால் தாயும் போய், உள்ளே இருப்பதும் போகும். மருத்துவர் இதைப் பொறுமையாகச் சொன்னார். ஒரு பிள்ளையை அழிக்கிறோமோ என்ற குற்ற உணர்ச்சி அந்த வீட்டுக்கு இருந்தது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

உள்ளிருக்கும் கரு இதையெல்லாம் தாண்டி நிற்குமா? மூன்றில் இரண்டு பங்கு நிற்கிறது, பிள்ளை பிறக்கிறது. மீதி கலைந்துபோகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து, தாய்க்கு ரத்தம் அதிகம் போகாமல் முடிந்தால் வாய்ப்பு கூடுகிறது. மயக்க மருந்தால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. சூலகத்தைத் தொடாமல் குழாயை மட்டும் எடுத்திருந்தால் கார்பஸ் லூட்டியம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதுவும் போயிருந்தால், நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் பத்தாவது வாரம் வரையாவது புரோஜெஸ்டிரோன் கட்டாயம். ஐவிஎஃப் பெண்கள் அதை எப்படியும் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். தாய்க்கு ரத்த வகை நெகடிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை மறக்கக் கூடாது.

அறுவைக்கு மறுநாள் அவளுக்கு மறுபடியும் தோளில் வலி. வீடே கதிகலங்கிவிட்டது. உப்பவைத்த வாயு மிச்சம் இருந்து அதே உதரவிதானத்தைத் தொட்டதுதான் காரணம். இரண்டு நாளில் போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

பிறகு விசாரணை தொடங்கியது. யார் மேல் பழி போடுவது? கரு வைத்த நாலாம் நாள் பல்லவனில் வந்தது காரணமா, ரயில் குலுக்கலா? குன்றக்குடிப் படி ஏறியதா? பப்பாளி, எள்ளு, அன்னாசி ஏதாவது? எதுவும் இல்லை. கரு தங்கும் இடத்தை ரயிலோ படியோ முடிவுசெய்வதில்லை. கரு வைத்த பிறகு அசையாமல் படுத்துக் கிடப்பதால் நன்மை விளைவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. இதை அவள் மாமியாரிடம் போய் நானே சொன்னேன். "அப்படியா ஆச்சி" என்று கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு சங்கதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வலது கருக்குழாய் அகற்றப்பட்டது, கருப்பையில் துடிப்புள்ள ஒற்றைக் கரு. ஒருமுறை குழாயில் தங்கியவருக்கு அடுத்த முறையும் அப்படி ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அடுத்த கர்ப்பத்தில் நாள் தள்ளியதும், ஆறாவது வாரமே உள்வழி ஸ்கேனுக்குப் போக வேண்டும். அந்தச் சீட்டைக் கிராம சுகாதார செவிலியரிடமும் காட்டிக் குறித்துக்கொள்ளச் சொன்னோம்.

பையனுக்கு இப்போது இரண்டு வயது. பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லில் கார் ஓட்டுகிறான். வருகிறவர்களிடம் அப்பத்தா இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

"ரெண்டு வச்சாக. ரெண்டும்தான் நின்னுச்சு. ஒண்ணு எடம் தப்பி நின்னுருச்சு."